87இல் ஒன்றா, 19 லட்சத்தில் ஒன்றா?

ஒஹாயோவில் வசிக்கும் ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அடையாளம் தெரியும் விவரங்களை மாற்றிவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவரோடு ஒரே அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் வேலை பார்த்த அமெரிக்க நண்பர் போன வருடம் காலமானார். எழுபதைத் தாண்டிய அவர் மனைவி வீட்டை விற்றுவிட்டு மகளோடு இருக்கப் போகிறார். நண்பர் விட்டுப்போன பொருட்களில் 1887ஆம் ஆண்டின் ஐந்து டாலர் தங்க நாணயம் ஒன்று இருக்கிறது. எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று காட்டும் குறி எழுத்து கிடையாது. முகம் பார்க்கலாம் போல மின்னுகிறது. கூடவே இருக்கும் சின்னக் காகித உறையில் ‘ப்ரூஃப், எலியாஸ்பெர்க் தொகுப்பு, 1974’ என்று பேனாவால் எழுதியிருக்கிறது. (ப்ரூஃப் என்பது சேகரிப்பாளர்களுக்கென்று தனியாக அடிக்கும் நாணயம்.) அந்த அம்மா கேட்கும் விலை 18,000 டாலர். வாசகர் 2,000 டாலர் முன்பணம் கொடுத்துவிட்டார். ரசீது வாங்கவில்லை. “துக்க வீட்டில் ரசீது கேட்கக் கூச்சமாக இருந்தது சார்” என்கிறார்.

இந்திய நகைக்கடை ஒன்றில் எந்திரத்தில் வைத்துப் பார்த்ததில் 90 சதவீதம் தங்கம் என்று காட்டியிருக்கிறது. எடையும் சரியாக 8.36 கிராம். 1887இல் ஃபிலடெல்ஃபியாவில் ஐந்து டாலர் நாணயம் ப்ரூஃபாக மட்டுமே அடிக்கப்பட்டது, மொத்தமே 87 என்பதையும் தேடித் தெரிந்துகொண்டிருக்கிறார். “குறி இல்லையென்றால் ஃபிலடெல்ஃபியா. அந்த வருட ஃபிலடெல்ஃபியா என்றால் ப்ரூஃப்தான். தங்கமும் அசல். வேறென்ன வேண்டும்?” என்பது அவர் கேள்வி. மேலே படிந்த மங்கலைத் துடைக்கலாமா, அரசாங்கம் பறிமுதல் செய்யுமா, மகளுக்காகச் சென்னைக்குக் கொண்டுபோகலாமா என்று இன்னும் மூன்று கேள்விகள். இதிலிருந்து பழைய அமெரிக்கத் தங்க ப்ரூஃப்களைச் சேகரிக்கத் தொடங்கும் ஆசையும் இருக்கிறது.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் சேர்த்திருக்கும் தகவல்களில் தப்பில்லை. 87 என்ற எண்ணிக்கை சரி, எடை சரி, 90 சதவீதம் சரி. ஆனால் நீங்கள் போட்ட அதே கணக்கை ஏமாற்றுக்காரர்கள் வெகு காலத்துக்கு முன்பே போட்டுவிட்டார்கள்.

அதே 1887இல் சான் ஃபிரான்சிஸ்கோ நாணயச்சாலையும் ஐந்து டாலர் அடித்தது. அதன் எண்ணிக்கை 19,12,000. அதே உருவம், அதே தங்கம், அதே எடை. ஒரே வித்தியாசம், பின்பக்கத்தில் கழுகுக்குக் கீழே ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்து. அந்த எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் நாணயம் ஃபிலடெல்ஃபியாவுக்குக் குடிபெயர்ந்துவிடும். பிறகு முழுவதையும் பாலிஷ் போட்டால் ‘ப்ரூஃப்’. மூலப்பொருள், தங்க விலைக்குச் சற்று மேலே கொடுத்தால் கிடைக்கும் சாதாரண நாணயம். வேலை முடிந்ததும் அது பல பத்தாயிரம் டாலர் பெறும் நாணயத்தின் வேஷத்தில் நிற்கும்.

உங்கள் கையில் இருப்பது அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய ஆறு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். அசல் என்றோ மாற்றப்பட்டது என்றோ என்னால் சொல்ல முடியவில்லை. படத்தை வைத்து ‘இது ப்ரூஃப்தான்’ என்று அடித்துச் சொல்பவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள். நானே சொன்னாலும்தான்.

தங்கம் அசல் என்பது இங்கே பதிலாகாது

நம் ஊரில் தங்கம் என்றாலே டச் எவ்வளவு, எடை எவ்வளவு என்றுதான் கேட்டுப் பழகியிருக்கிறோம். இந்த நாணயம் நமக்குப் பரிச்சயமான அளவும்கூட. சவரன் என்று நாம் சொல்கிறோமே, அந்தச் சொல்லைத் தந்த பிரிட்டிஷ் நாணயம் எட்டு கிராமுக்கு ஒரு பொட்டுக் குறைவு. அமெரிக்க ஐந்து டாலர் 8.359 கிராம். ஒரு பவுனுக்குக் கொஞ்சம் மேலே, 916க்குப் பதில் 900. அதனால் நகைக்கடை எந்திரம் ‘சரி’ என்றதும் உங்கள் மனம் நிம்மதியாகிவிட்டது. இயல்புதான்.

ஆனால் குறி சுரண்டப்பட்ட சான் ஃபிரான்சிஸ்கோ நாணயமும் அமெரிக்க அரசே அடித்த அசல் தங்கம். அந்த எந்திரத்தில் அதுவும் 90 சதவீதம் காட்டும். எழுத்தைச் சுரண்டியதில் போகும் தங்கத்தைக் கடைத் தராசு கண்டுகொள்ளாது. கள்ள அச்சில் அடித்தவையிலும் பல, சரியான எடையில் நல்ல தங்கத்தில் செய்யப்பட்டவை. 1882 மூன்று டாலர் நாணயத்தின் போலிகளில் ஒரு வகை இருக்கிறது. செய்தவன் தன் கைத்திறமையில் பெருமைப்பட்டு, எழுத்துக்குள் ஒமேகா என்ற கிரேக்க எழுத்தை நுணுக்கமாகப் பதித்திருந்தான். அதிலும் தங்கம் அசல்தான்.

ஆக, தராசும் எந்திரமும் அப்பட்டமான பித்தளையைத்தான் விலக்கும். நமக்கு வேண்டிய பதிலை அவை தராது.

ப்ரூஃப் என்பது அடித்த விதம்

ப்ரூஃப் என்றால் ‘மிக நல்ல நிலையில் உள்ளது’ என்று பலரும் நினைக்கிறார்கள். நீங்களும் ஓரிடத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். அது நாணயத்தின் நிலையைச் சொல்லும் சொல்லே இல்லை, செய்த முறையைச் சொல்வது. ஃபிலடெல்ஃபியாவில் சேகரிப்பாளர்களுக்கென்று அச்சைத் தனியாக மெருகேற்றுவார்கள். அடிக்கப்போகும் தங்க வில்லையையும் மெருகேற்றுவார்கள். ஒவ்வொன்றாகக் கையால் வைத்து, தனி அழுத்தியில் நிதானமாக, தேவைப்பட்டால் ஒரு தடவைக்கு மேலும் அழுத்துவார்கள். முக மதிப்புக்கு மேல் சின்னத் தொகை கட்டினால் யாரும் வாங்கலாம். ஆனால் 1887இல் ஐந்து டாலர் என்பது ஒரு தொழிலாளியின் பல நாள் கூலி. அதைச் செலவழிக்காமல் பெட்டியில் வைத்துப் பார்க்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? அதனால்தான் 87. புழக்கத்துக்கென்று அந்த வருடம் ஃபிலடெல்ஃபியா ஒரு ஐந்து டாலர்கூட அடிக்கவில்லை. அங்கே வெள்ளி டாலர் மட்டும் 2 கோடிக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

ப்ரூஃபாக அடித்த ஒன்று சட்டைப் பையில் கிடந்து தேய்ந்தாலும் ப்ரூஃப்தான், அடிபட்ட ப்ரூஃப். சாதாரண நாணயம் எவ்வளவு மின்னினாலும் ப்ரூஃப் ஆகாது. புது அச்சிலிருந்து முதலில் விழும் சில நூறு நாணயங்கள் தாமாகவே கண்ணாடி மாதிரி இருக்கும். அனுபவசாலிகளே அதில் தடுமாறுவதுண்டு.

சரி, எதைப் பார்ப்பது? பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றும் ஒற்றை விளக்கும் போதும். நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்துக்கொண்டு மெல்லச் சாய்த்துப் பாருங்கள்.

முதலில் கழுகுக்கும் ‘ஃபைவ் டி’ என்ற எழுத்துக்கும் நடுவே உள்ள வெற்றிடம். அங்கே மட்டும் மேற்பரப்பு லேசாகக் குழிந்தோ, கலைந்தோ, வேறு மாதிரி மின்னியோ இருந்தால் கதை முடிந்தது. அடுத்தது கோடுகள். அச்சை மெருகேற்றும்போது அச்சில் விழுந்த கீறல், நாணயத்தில் மேடாகத் தெரியும். அது வெற்றுத் தளத்தில் மட்டும் ஓடி, எழுத்தோ உருவமோ வந்ததும் நின்றுவிடும். பிறகு யாரோ துடைத்துப் பாலிஷ் போட்ட கீறல், நாணயத்திலேயே பள்ளமாக இருக்கும். தளம், எழுத்து, முன்பக்கத்தில் உள்ள லிபர்ட்டி என்ற பெண் உருவத்தின் கன்னம் என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் ஓடும். இந்த ஒன்றைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ப்ரூஃபின் ஓரங்கள் கத்தியால் வெட்டியது போல் சதுரமாக நிற்கும். நட்சத்திரங்களின் உள்கோடுகள் முழுசாக இருக்கும். தளம் கண்ணாடி, உருவம் பனி படர்ந்த மாதிரி வெண்மை. அந்தக் காலத் தங்க ப்ரூஃப்களின் தளத்தை லூப்பில் பார்த்தால் ஆரஞ்சுத் தோல் மாதிரி மெல்லிய நெளிவு தெரிவதுண்டு. அது பாலிஷில் வராது. பாலிஷ் போட்டால் மேடான இடங்கள்தான் முதலில் வழவழவென்று ஆகும், எழுத்தின் ஓரங்கள் உருகினாற்போல் மழுங்கும்.

இன்னொன்று தேதி. அக்காலத்தில் வருடத்தின் நான்கு இலக்கமும் சேர்ந்த ஒரு முத்திரையை, ஒவ்வொரு அச்சிலும் கையால் அடித்துப் பதிப்பார்கள். அதனால் அச்சுக்கு அச்சு 1887 ஒரு மயிரிழை மேலேயோ கீழேயோ, வலமோ இடமோ நகர்ந்திருக்கும். 87 நாணயத்துக்கு ஓரிரு ஜோடி அச்சே போதும். சான் ஃபிரான்சிஸ்கோவின் 19 லட்சத்துக்குப் பல ஜோடிகள் தேவைப்பட்டிருக்கும். சான்றளிக்கப்பட்ட 1887 ப்ரூஃப்களின் படங்கள் ஏல நிறுவனங்களின் பழைய பதிவுகளில் கிடைக்கின்றன. அவற்றில் தேதி நிற்கும் இடத்தை உங்களுடையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லையென்றால் பலமான சந்தேகம். பொருந்தினால், மேலே போக ஒரு காரணம். அவ்வளவுதான்.

இதையெல்லாம் மேதாவியாகச் சொல்கிற நானும் ஏமாந்தவன்தான். நாணயத் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கண்காட்சியில் 1884 இருபது டாலர் ஒன்றை வாங்கினேன். ஃபிலடெல்ஃபியாவில் அந்த வருடம் அதுவும் ப்ரூஃப் மட்டும்தான், 71. விற்றவர் மரியாதையான மனிதர், கண்காட்சி முடியும் நேரம், விலையும் ‘உங்களுக்காக’ இறங்கியது. ஓட்டல் அறையில் மேஜை விளக்கைச் சாய்த்தபோது கழுகின் வாலுக்குக் கீழே நகக்கண் அளவு ஒரு நிழல் தெரிந்தது. அன்று இரவு தூங்கவில்லை. பிறகு அதைத் தங்க விலைக்குத்தான் தள்ள முடிந்தது, அதுவும் குறி எடுக்கப்பட்டது என்று சொல்லியே.

உறையில் இருக்கும் கையெழுத்து

லூயிஸ் எலியாஸ்பெர்க் என்ற பெயர் அமெரிக்க நாணய உலகில் பெரிய பெயர். அப்போது அறியப்பட்டிருந்த அமெரிக்க நாணய வகை ஒவ்வொன்றிலும் ஒன்று அவரிடம் இருந்தது. ஆனால் அவருடைய தங்கத் தொகுப்பு ஏலத்துக்கு வந்தது 1982 அக்டோபரில், அவர் இறந்து ஆறு ஆண்டு கழித்து. அப்படியிருக்க, 1974இல் உங்கள் நண்பரிடம் அது எப்படி வந்தது? எலியாஸ்பெர்க் கைவசம் மிகுதியாக இருந்த சில நாணயங்கள் 1947லேயே விற்கப்பட்டன, அந்த வழியாக வந்திருக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். இருக்கலாம். அதற்கு ஒரு பில்லோ, ஏல எண்ணோ வேண்டும்.

நண்பர் பொய் சொன்னார் என்றோ, அந்த அம்மா மறைக்கிறார் என்றோ நான் நினைக்கவில்லை. நாணயத்தைச் சோதித்துச் சான்றளிக்கும் நிறுவனங்களில் பி.சி.ஜி.எஸ். தொடங்கியது 1986இல், என்.ஜி.சி. 1987இல். அதற்கு முன்னால் பெரும்பாலும் விற்றவர் வாய்ச்சொல்தான் சான்றிதழ். அன்று விற்றவர் சொன்னதை நண்பர் அப்படியே உறையில் எழுதி வைத்திருப்பார். எந்த நாணயத்தையும் எந்த உறைக்குள்ளும் வைக்கலாம், அதுதான் சிக்கல். பூர்வீகத்தை நிரூபிக்க நாணயமே பேச வேண்டும். ப்ரூஃப் அடிக்கும்போது துடைத்த துணியின் நூலிழை ஒன்று அச்சில் ஒட்டியிருந்தால், அது நாணயத்தில் சின்னப் பள்ளமாக நிரந்தரமாகப் பதிந்துவிடும். கைரேகை மாதிரி. பழைய ஏலப் படத்தில் அதே இடத்தில் அதே கோடு இருந்தால், உறை தேவையே இல்லை.

18,000 என்ற விலை

எனக்கு உறுத்துவது இந்த விலை. நாணயம் அசல் ப்ரூஃபாக, நல்ல நிலையில் இருந்தால் அந்த அம்மாவுக்குப் பெரிய நஷ்டம். மாற்றப்பட்டது என்றால் உங்களுக்குப் பெரிய நஷ்டம். இடையில் ஒரே ஒரு வாய்ப்பு, அசல்தான், ஆனால் மோசமாகத் தேய்க்கப்பட்டது என்பது. அப்போது வேண்டுமானால் பேசக்கூடிய விலை. இரண்டு பேருக்கும் நல்லது வேண்டுமென்றால், விலையைப் பிறகு பேசுங்கள். முதலில் நாணயம் என்னவென்று தெரியட்டும்.

கூச்சத்தை ஓரம் வைத்துவிட்டு, கொடுத்த 2,000க்கு ஒரு தாள் எழுதி வாங்குங்கள். ‘1887 ப்ரூஃப் என்று சான்று கிடைக்காவிட்டால் திருப்பித் தரப்படும்’ என்ற ஒரு வரி அதில் கட்டாயம். நான் வழக்கறிஞர் இல்லை, ஆனாலும் இது தெரியும்: தனிநபர் விற்பனையிலும் பொருளை இன்னதென்று விவரித்து எழுதிக் கொடுத்தால் அது உத்தரவாதமாகவே எடுத்துக்கொள்ளப்படும். வாய்ப்பேச்சை நிரூபிப்பது கஷ்டம்.

சான்றுக்கு அனுப்புவது அந்த அம்மா பெயரில் நடக்கட்டும். நாணயத்தை நீங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் அனுப்ப வேண்டாம். நாளை ‘குறி சுரண்டப்பட்டது’ என்று பதில் வந்தால், மாற்றி வைத்துவிட்டாரோ என்று அவர் மகளுக்குத் தோன்றாது என்று என்ன நிச்சயம்? இருவரும் சேர்ந்தே பி.சி.ஜி.எஸ். அல்லது என்.ஜி.சி.க்கு அனுப்பும் உரிமை பெற்ற ஒரு வியாபாரியிடம் போங்கள். அங்கேயே எடை போட்டு, இரண்டு பக்கமும் படம் எடுத்து, முழுக் காப்பீட்டோடு அனுப்பச் சொல்லுங்கள். கட்டணம் நாணயத்தின் மதிப்பைப் பொறுத்து ஏறும். அதை நீங்கள் ஏற்றுக்கொள்வது மரியாதை.

ப்ரூஃப் என்று தர எண்ணோடு, அதாவது நாணயத்தின் நிலைக்கு நிறுவனம் போடும் மதிப்பெண்ணோடு, வந்தால், ஒரு ஏல நிறுவனத்திடம் மதிப்பு கேட்டுவிட்டு அந்த விலையை அவரிடம் சொல்லுங்கள். உங்களால் முடியாத விலையாகப் போய்விடலாம். அப்போது அவர் ஏலத்துக்கு விடட்டும், முன்பணம் திரும்ப வரும். எண் இல்லாமல், ‘ப்ரூஃப், துடைக்கப்பட்டது’ என்று வந்தால் விலை கணிசமாக இறங்கும், அதற்கேற்பப் பேசலாம். குறி நீக்கப்பட்டது என்று வந்தால் நாணயம் அவரிடமே இருக்கட்டும். அதற்குப் பிறகு தெரிந்தே ப்ரூஃப் என்று விற்பது மோசடி என்பதையும் அவர் மகளிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள். ஏமாற்றும் நோக்கத்தோடு நாணயத்தை மாற்றுவதும், மாற்றியதைத் தெரிந்தே அசலாகத் தள்ளுவதும் இந்த நாட்டில் குற்றம்.

மீதிக் கேள்விகள்

துடைக்கலாமா? கூடாது. நகைக்குப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் சரி, இதற்கு மென்மையான பருத்தித் துணிகூட ஆகாது. ப்ரூஃப் தளத்தில் ஒரு தடவை தேய்த்தால் விழும் மெல்லிய கீறல்கள் போகவே போகாது, தர எண்ணோடு பல ஆயிரம் டாலரும் சேர்ந்து போகும். எகிப்து மன்னர் ஃபாரூக்கின் தொகுப்பை 1954இல் கெய்ரோவில் ஏலம் விட்டார்கள். அதில் எத்தனையோ அபூர்வ நாணயங்கள் பளபளக்கத் துடைக்கப்பட்டவை. ராஜா வீட்டு நாணயம் என்பதால் கீறல் மன்னிக்கப்படவில்லை. மங்கலை நீக்கத்தான் வேண்டுமென்றால் சான்றளிக்கும் நிறுவனமே முடிவு செய்யட்டும், அதற்கென்று அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

பறிமுதல் பயம் வேண்டாம். 1933 ஏப்ரலில் அதிபர் ரூஸ்வெல்ட் தங்கத்தை ஒப்படைக்கச் சொன்ன ஆணையே சேகரிப்பு மதிப்புள்ள அபூர்வ நாணயங்களுக்கு விலக்கு அளித்திருந்தது. மற்ற கட்டுப்பாடுகளும் 1974 டிசம்பர் 31ஆம் தேதி நீங்கிவிட்டன. நீங்கள் படித்தது 1933 தேதியிட்ட இருபது டாலரின் கதையாக இருக்கும். அவை சட்டப்படி வெளியிடப்படவே இல்லை. 1887க்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சென்னைக்கு? வேண்டாம் என்பேன். சுங்கவரி ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டைக் கடந்த நாணயத்தைத் தொல்பொருளாகவே பார்க்கிறது, தொல்பொருளைத் தனியார் வெளியே ஏற்றுமதி செய்ய முடியாது. உள்ளே போனது மறுபடி இந்தச் சந்தைக்கு வருவது பெரும்பாடு. மகளுக்குத் தங்கம் வேண்டுமென்றால் அங்கே நகைக்கடையில் வாங்குங்கள், ப்ரூஃப் நாணயம் இங்கேயே இருக்கட்டும்.

சேகரிக்கும் ஆசை பற்றி. தப்பே இல்லை, ஆனால் 87 மட்டுமே அடிக்கப்பட்ட ஒன்றில் தொடங்காதீர்கள். 1884 முதல் 1889 வரையிலான ஒரு டாலர் தங்க ப்ரூஃப்கள் அதிகம் அடிக்கப்பட்டவை. கடைசி ஆண்டான 1889இல் மட்டும் 1,779. பொடி நாணயம், சட்டைப் பொத்தான் அளவுதான், ஆனால் கண்ணைப் பழக்க இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. அந்த வருடங்களின் சாதாரண ஒரு டாலர்களும் ப்ரூஃப் மாதிரியே மின்னும் என்பதால், நிறுவனம் சான்றளித்து, எண் போட்டு மூடித் தரும் பெட்டியில் உள்ளதை மட்டும் வாங்குங்கள். பெட்டியையும் போலி செய்கிறார்கள். அதில் உள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே வரும் படத்தோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். வாஷிங்டன் போனால் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் அரை நாள் செலவிடுங்கள். ஃபிலடெல்ஃபியா நாணயச்சாலை தன்னிடம் சேர்த்து வைத்திருந்த தொகுப்பு 1923இல் அங்கேதான் போனது.

ஒன்று மட்டும் அந்த அம்மாவை இந்த வாரமே செய்யச் சொல்லுங்கள். உங்கள் நான்காவது படத்தில் நாணயம் அந்தக் காகித உறையில் இல்லை, மெத்தென்ற வழுவழுப்பான பிளாஸ்டிக் பையில் இருக்கிறது. பழைய பி.வி.சி. பைகள் காலப்போக்கில் பச்சையாகப் பிசுபிசுக்கும். நீங்கள் சொல்லும் மங்கல் அதிலிருந்தே வந்திருக்கலாம். நாணயத்தை விளிம்பில் பிடித்து எடுத்து, கடினமான நாணயப் பெட்டி ஒன்றில் வைக்கட்டும். இரண்டு மூன்று டாலருக்குக் கிடைக்கும். காகித உறையையும் தூக்கிப் போடாமல் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள்.